பேசாத கட்டை

அடைக்கலநாதன் மாஸ்ரரின் இசையைக் குருநகரில் யாரும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுக்க அதில் மெட்டு இருந்தால்தானே. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சங்கீதம் படிப்பித்த மனிதர், வீட்டுக்கு வந்ததும் படிப்பித்ததற்கெல்லாம் எதிராக எழுதுவார். ஒரு நத்தார் நள்ளிரவுப் பூசைக்குக் கோயில் பாடகர் குழுவில் ஒவ்வொருவரையும் தத்தம் வேகத்தில் பாடச் சொன்னார். பங்குச் சுவாமி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மனைவி மக்டலீன் வெட்கத்தில் ஒரு மாதம் சந்தைப் பக்கம் தலைகாட்டவில்லை.

இருந்தாலும் வெளியே அவரை விட்டுக்கொடுக்கமாட்டாள். சிரித்தவர்களிடம் "உங்களுக்கு விளங்கினால்தானே" என்பாள். தனக்கும் விளங்கவில்லை என்பதை வீட்டில்தான் ஒத்துக்கொள்வாள்.

சண்டையால் ஊரே ஒரே இரவில் வெளியேறிய தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் அவர்கள் கொண்டுபோனது இரண்டு பை உடுப்பும், சைக்கிள் கரியரில் கட்டிய ஆர்மோனியமும். அரிசியை விட்டுப் பெட்டியை ஏற்றியதற்காக நாவற்குழிப் பாலம் வரை ஏசிக்கொண்டே போனாள். பிறகு ஏசவும் மூச்சில்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஒரு கட்டைக்குச் சுரம் கொடுக்கும் பித்தளை நாக்கு களிம்பேறி இறுகிப்போனது. அழுத்தினால் சுரம் வராது, புஸ்ஸென்று காற்றுத்தான் போகும். சாவகச்சேரியில் தங்கியிருந்த வகுப்பறையில், அந்தக் கட்டையையே சுற்றிச் சுற்றி அவர் ஓர் இசை எழுதினார். ஈர உடுப்புகள் கொடியில் தொங்க, அவள் வெறும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க, பிள்ளைகள் இருக்கும் வாங்கில் குனிந்திருந்து எழுதினார். பசியும் பயமும் நிறைந்த நாட்கள்தான். ஆனாலும் அந்த வகுப்பறையை நினைத்தால் மக்டலீனுக்கு இன்றும் ஏக்கமாக இருக்கும்.

அந்த இசையை எழுதிய கொப்பி முப்பது வருடம் அலுமாரியில் கிடந்தது. இந்த வருடக் கோயில் திருநாளில் அதை வாசிக்கவேண்டுமென்று பாடகர் குழுத் தலைவர் றொகான் கேட்டார். எழுபத்தாறு வயதில் ஊர் மாஸ்ரரை முதல்முறையாகக் கேட்கப்போகிறது. சந்தோசத்தில் மக்டலீன் ஒரு வேலை செய்தாள். அவருக்குத் தெரியாமல் றொகானைக் கொண்டு அந்தக் கட்டையைத் திருத்துவித்தாள். ஊனப் பெட்டியோடு மாரடித்த மனிதர் ஒரு நாளாவது முழுதாக வாசிக்கட்டும் என்று நினைத்தாள்.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் அவர் கட்டையை அழுத்தினார். சுரம் கணீரென்று வந்தது. மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

"திருத்துவிச்சனான். எப்பிடி இருக்கு?" என்றாள்.

"நல்லாயிருக்கு." பெட்டியை மூடினார். "நாளைக்கு உது வேண்டாம். வழமையான பாட்டொண்டைப் பாடச் சொல்லும்."

"ஏன், என்ன பிழை?"

"பிழை ஒண்டுமில்லை. அண்டைக்கு ரோட்டிலை அவ்வளவு சனம் போச்சு. பாலம் தாண்டினாப் பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான். ஞாபகமிருக்கோ?"

ஞாபகமில்லாமல் என்ன. அந்த மூச்சுகளில் ஒன்று அவளுடையது. இத்தனை வருடமும் பழுது என்று தான் நினைத்த காற்று அந்த மூச்சுத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். தன் மனம் நோகக்கூடாதென்று 'நல்லாயிருக்கு' என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் அவர் கிணற்றடிக்குப் போன நேரம் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். வருடாவருடம் எறும்பு முட்டை தட்டித் துடைப்பவள் அவள்தான், உள்ளே எல்லாம் கைப்பழக்கம். சுவரில் தொங்கிய திருவிருதயப் படத்தின் பின்னால் குருத்தோலை ஞாயிறன்று செருகிய ஓலைச் சிலுவை காய்ந்து கிடந்தது. அதில் ஒரு சிறு கீற்றைக் கிழித்து அந்த நாக்கின் கீழே செருகினாள். ஆசீர்வதித்த ஓலையைக் கிழித்ததைப் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

"எழுதினதையே வாசியுங்கோ," என்றாள் அவர் வந்ததும். "எனக்காக."

கோயிலில் அந்த இடம் வந்தபோது அவரது விரல் தயங்கியது. அழுத்தினார். காற்று மட்டும் போனது. முன்வாங்கில் விசிறிக்கொண்டிருந்த பெண்கள் விசிறியை மடியில் வைத்துவிட்டார்கள். அவர்களும் அந்த ரோட்டில் நடந்தவர்கள். முடியும்வரை ஒருவர்கூட இருமவில்லை.

பூசை முடிந்ததும் றொகான் ஓடிவந்தார். "மன்னிக்கோணும் மாஸ்ரர், திருத்தின கட்டை திரும்பப் பழுதாப்போச்சு."

"பழுதில்லை தம்பி. அந்த இடமெல்லாம் என்ரை மனுசி வாசிச்சது."

மக்டலீன் கேட்காதவள்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.