கோட்டைக்கு எதிர்க்கரையில் ஓர் அறை

முப்பத்தோரு வருடம் ஒரே வழித்தடத்தில் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மனைவி பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர், ஆகவே டீச்சர். வீட்டிலும் டிரைவர் அப்படித்தான் கூப்பிடுவார், பாதி கேலியாக, பாதி நிஜமாகவே பயந்து.

டீச்சர் வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு ஒரு பழைய தலைநகரத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார். அதன் மதில், வாசல், அகழி எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் நேரில் போனதே இல்லை. டிரைவருக்கு லீவு கிடைத்தால் டீச்சருக்குப் பரீட்சை வரும், டீச்சருக்கு லீவு விட்டால் டிரைவருக்கு ஸ்பெஷல் டியூட்டி போடுவார்கள். ரிட்டயர் ஆனதும் போகலாம் என்று தள்ளிப்போட்டார்கள். ஆன கையோடு டீச்சரின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு படுக்கை.

ஒரு நாள் மெஷினிலிருந்து வந்து படுத்தவர், "என்னங்க, நான் அந்த ஊரைப் பாத்துடணும்" என்றார். அந்தப் 'பாத்துடணும்' எதனால் என்று டிரைவருக்குப் புரிந்தது. அன்றைக்கே ஏற்பாட்டில் இறங்கினார்.

எங்கே தங்குவது என்பதில்தான் தகராறு. டீச்சருக்குக் கோட்டைக்கு உள்ளேயே அறை வேண்டும். "காலையில ஜன்னலைத் திறந்தா மதில் தெரியணும். இல்லேன்னா எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?"

டிரைவர் ஒவ்வொரு விடுதியாகப் போன் போட்டார். எத்தனை படி? வாசல் வரைக்கும் வண்டி வருமா? வண்டி திரும்ப இடம் உண்டா? அறை எடுக்க வருகிறாரா, ரூட் போட வருகிறாரா என்று விடுதிக்காரர்கள் குழம்பினார்கள். கோட்டைக்குள் ஆட்டோகூட நுழையாத சந்துகள். டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு எதிர்க்கரையில். நடுவே ஒரே பாலம், அடைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் நகராது என்றார்கள். அடைத்துக்கொண்ட பாலம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரித் தெருவிலேயே கீழ்த்தளத்தில் ஓர் அறையைப் பிடித்தார். அதை ரயில் கிளம்பிய பிறகுதான் சொன்னார்.

"ஆஸ்பத்திரித் தெரு நம்ம ஊர்லயே இருக்கே" என்றார் டீச்சர். அதோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் மருந்துக்கடையின் ஜெனரேட்டர். விடுதி முழுக்க நோயாளிகளும் அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்களும்தான். வியாழக்கிழமை மெஷின் முடிந்து வந்த டீச்சர் துவண்டு கிடந்தார். பாலம் தாண்டி வர வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டிரைவர் நினைத்தார். ஆனால் சொல்லிக்காட்டுகிற அளவுக்கு அவர் விவரமில்லாதவர் இல்லை.

சாயங்காலம் கொஞ்சம் தெம்பு வந்து டீச்சர் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், கணவனின் இடுப்பு ஆபரேஷனுக்காக வந்து நாற்பது நாளாகத் தங்கியிருப்பவள்.

"நீ கோட்டைக்குப் போயிட்டு வந்துட்டியாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"எந்தக் கோட்டை?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாப்பது நாளா இருக்கே! ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே!"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மருந்துக்கடை, லேப், ஸ்கேன் எடுக்கற இடம். அவ்வளவுதாங்க இந்த ஊரு. யாரு கூட்டிட்டுப் போறா?"

"நான் கூட்டிட்டுப் போறேன். நாளைக்குக் காலையில ரெடியா இரு."

எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்கிற ஆள் ஊரைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று டிரைவர் வாயைத் திறந்தார். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மறுநாள் வாசலில் நின்றது ஒருத்தி அல்ல, ஏழு பேர். கழுத்தில் பட்டை கட்டிய ஒரு தச்சர்கூட வந்திருந்தார். டிரைவர் விசாரித்து, கூட்டமில்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏற்றினார். எந்த சீட் குலுங்காது என்பது அவருக்கு அத்துப்படி. டீச்சரை நடுவில் உட்காரவைத்தார்.

முதல் வாசலுக்கு அப்பால் படிகள் செங்குத்தாக ஏறின. டீச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டு நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "மேல நீங்க போயிட்டு வாங்க. அதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. வழி ஏன் நேராகப் போகாமல் வளைகிறது என்று ஆரம்பித்தார். "எதிரி யானையை ஓட்டிட்டு வேகமா வந்தா, இங்க திரும்ப முடியாம சுவர்ல முட்டிக்கணும்."

"உள்ள இருக்கறவனுக்கு அவசரமா வெளிய போகணும்னா?" என்றார் தச்சர்.

"அவனும் முட்டிக்க வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். தச்சர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வழியே போன வேற்றூர்க்காரர்கள் நாலு பேரும் நின்று கேட்டார்கள்.

டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு தள்ளி நின்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் டீச்சர் பாடம் நடத்தி அவர் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூட வாசலோடு அவருடைய எல்லை முடிந்துவிடும். ஆறு மாதமாக அடுத்த அறைக்குக் கேட்காத குரல், இப்போது கணீரென்று அவர் நின்ற இடம் வரை வந்தது. ஊசி குத்திய தழும்புகளோடு வீங்கியிருந்த கை மேலே போய் ஒரு கல்லைச் சுட்டியது. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. டிரைவருக்கும் கையைத் தூக்கி ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

"அங்க பின்னால நிக்கறவர் யாரு?" என்றார் டீச்சர். "முன்னால வந்து உக்காருங்க."

டிரைவர் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை டீச்சர் மெஷினில் படுத்திருந்தபோது, துணி உலர்த்திய பெண் நாலு மணி நேரமும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மீதிக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினார்கள். அடுத்த மாதம் அவள் போன் செய்தாள், கணவன் கோலை ஊன்றி நடக்கிறானாம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் மூன்று தடவை போய், அதே விடுதியில் தங்கி வந்தார்கள். ஒரு முறை டிரைவரே மனசு கேட்காமல், "இந்தத் தடவை கோட்டைக்குள்ளயே ரூம் பாக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க" என்றார் டீச்சர். "அங்க நமக்கு யாரைத் தெரியும்?"