தேருக்காக நின்ற கரண்ட்

அந்த வருஷங்களில் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கொத்தாகக் கட்டும் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை. ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடியாது. வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவேன். பேய் பிடித்த மாதிரி ஏன் சுற்றுகிறாய் என்று அண்ணி கேட்பார். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வயருக்கு டேப் சுற்றுகிறவளுக்கு வேறென்ன பிடிக்கும்?

மண்ணூர்ப் பக்கம் எங்கள் ஊர். ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கார் நின்றால் போதும், சாயங்காலத்துக்குள் ஒரு வதந்தி பிறந்துவிடும். கண்ணாடிக் கம்பெனி, டயர் கம்பெனி, கார் கம்பெனி. மாடு மேய்ந்த இடத்தில் காலையில் கல் நட்டிருப்பார்கள். நிலம் வாங்கினவர் போர்டு மாட்டுவதற்குள் அதை இன்னொருவருக்கு விற்றிருப்பார். இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஒரு புரோக்கர் வந்து, டேட்டா சென்டர் கட்ட ஒரு கம்பெனி இடம் தேடுகிறது, உங்கள் நிலத்தைக் காட்டலாமா என்று அண்ணனிடம் கேட்டார். அப்பா போனபின் நிலமும் அண்ணன் பொறுப்பு, அம்மன் கோயில் திருவிழாவும் அண்ணன் பொறுப்பு.

டேட்டா சென்டர் என்றால் என்ன என்று ஊருக்கு விளக்கியது நான்தான். பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட், ஆபீஸ் மெயில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பெரிய வீடு என்றேன். சென்னைக்குள் வாடகைக் கட்டிடங்களில் அடைத்து வைத்திருந்தார்கள், இப்போது பெருகிப் போய் இடம் போதவில்லை, பணம் போட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றேன். எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டார்கள். மொத்த ஆளும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள் என்றதும் ஊருக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று. எனக்கு அந்த வேனில் ஒரு சீட் வேண்டும், அவ்வளவுதான். தங்கச்சிக்கு வேலை தந்தால்தான் நிலம் என்று அண்ணன் புரோக்கரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து லைனில் டேப்பைக் கோணலாகச் சுற்றி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இடம் பார்க்க வரும் நாளை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். அண்ணன் யோசிக்கவே இல்லை, ஆடித் திருவிழா நாளைச் சொன்னார். வருகிறவர்களைத் திருவிழாவுக்கு அழைப்பதைவிட என்ன மரியாதை இருக்கிறது? மாலை, கூழ், கோயில் வாசலில் நாற்காலி என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். அளந்து பேசுகிறவர். நிலத்தைச் சுற்றி நடந்தார். பெருமழையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார். இன்டர்நெட் கேபிள் எந்தப் பக்கமாக வரலாம் என்று பார்த்தார். மின்கம்பிகளை அடிக்கடி அண்ணாந்து பார்த்தார். பிறகு என் படிப்பை விசாரித்து, ஷிப்டெல்லாம் பழக்கமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அப்போது தேர் புறப்பட்டது. எங்கள் தேர் சின்னதுதான். ஆனால் மேலே மூங்கில் கட்டி, துணி சுற்றி, கலசம் வைத்துவிட்டால் கம்பியில் இடிக்கும். அதனால் வருஷா வருஷம் லைன்மேனிடம் சொல்லி, தேர் நிலைக்கு வரும்வரை கரண்ட்டை நிறுத்தச் சொல்வோம். அண்ணன் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றபடியே செல்போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசினார். கொஞ்ச நேரத்தில் மாவு மில், பம்புசெட், தெருக்கோடி வெல்டிங் பட்டறை எல்லாம் அடங்கின.

"பாத்துக்கினீங்களா மேடம்? நம்ம சொன்னா கரண்ட்டே நிக்கும்."

அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமை. தன் செல்வாக்கைப் பார்த்தால் கம்பெனி தைரியமாக வரும் என்று நினைத்திருக்கிறார். எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அம்மா கேட்டார். அம்மன் ஊர் சுற்றி வரவேண்டுமே, பொழுது சாய்ந்துவிடும் என்றார் அண்ணன். அந்த அம்மா கம்பியை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். போட்ட மாலையோடு காரில் ஏறிப் போனார்.

அண்ணன் காத்திருந்தார். குடோன் கட்ட நிலம் கேட்டு வந்தவரைக்கூடத் திருப்பி அனுப்பினார். போன் மணி அடித்தால் நான் கையைக்கூடக் கழுவாமல் ஓடுவேன். கடைசியில் புரோக்கர்தான் வந்து சொன்னார். கடலுக்கடியில் வரும் இன்டர்நெட் கேபிள் கரையேறுகிற பக்கம், பெரிய சப் ஸ்டேஷனை ஒட்டி இடம் வாங்கிவிட்டார்களாம். இந்தத் தொழிலில் போடுகிற பணமெல்லாம் இனி அந்தப் பக்கம்தான் போகும் என்றார்.

நம்ம இடத்துக்கு என்ன குறை என்று அண்ணன் என்னைக் கேட்டார். ஒரு நொடிகூட கரண்ட் நிற்காத இடம்தான் அவர்களுக்கு வேண்டும், நீ ஒரே போனில் நிறுத்திக் காட்டினாய் என்று பொரிந்து தள்ளினேன்.

"அப்ப தேரு எப்டிமா போவும்?"

"போவலன்னா போவட்டும்ணா. எனக்கு வேலதான் வேணும்."

அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அந்த மாதமே ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறினேன். அங்கேயும் நின்றுகொண்டேதான் வேலை.

அடுத்த ஆடியில் தேரைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. அண்ணன் மூங்கிலை அறுக்கச் சொல்லி மேல்கட்டைப் பாதியாகக் குறைத்திருந்தார். அம்மனைக் குள்ளமாக்கிவிட்டாயே என்று ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். ஏன் செய்தேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தேர் கம்பிகளுக்கு அடியில் மெல்ல நகர்ந்தது. மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது, வீடுகளுக்குள் டி.வி. பாடிக்கொண்டிருந்தது. அந்த டேட்டா சென்டர் கம்பெனி கடலோரத்தில் கட்டிடம் எழுப்பி ஆளும் எடுத்துவிட்டது என்பது எனக்கு முன்பே தெரியும். அண்ணனிடம் சொல்லியிருக்கவில்லை. தேர் நிலைக்கு வந்ததும் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார்.

"இந்த வருசம் கரண்ட் நிக்கவே இல்ல. அந்த மேடத்துக்கு ஒரு போன் போட்டு சொல்லும்மா."