பெரியவர் அறை

துணிக்கடையில் போன் எடுக்கிறவள் என் அண்ணி. சாயம் போய்விட்டது என்று யாராவது கத்தினால், "பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பாள். அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. வாயை அடைக்க அவளாகக் கட்டிவிட்ட ஆள். கடையில் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூலையில் சும்மா கிடந்த அறை பெரியவர் அறையானது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். ஒருநாள் இவள் லீவு கேட்டதற்கு முதலாளியே, "பெரியவர் ஒத்துக்க மாட்டாரேம்மா" என்றார்.

அண்ணி பயந்துபோய் வீட்டில் வந்து சொன்னாள். எல்லாம் தெரிந்த என் அண்ணன் சிரித்தான்.

"ஊரே நம்பினா ஆள் முளைச்சிடுவானா? சுவத்தை யாரும் நம்ப வேணாம், மோதினா வலிக்கும். அதுதாண்டி நிஜம்."

மறுநாள் காலை, வருவது வரட்டும் என்று அந்த அறைக்குள் போனாள். ஜன்னல்கள் சாத்தி ஒரே இருட்டு. உள்ளே போனதும் நெற்றி எதிலோ இடித்தது. சுவர் இன்னும் தள்ளித்தான் இருந்தது.

"வலிக்குதாம்மா?" என்று தலைக்கு மேலிருந்து ஒரு குரல் அக்கறையாகக் கேட்டது.