ஊதா மை

விக்டோரியா 1936இல் மதுரையில் ஒரு மிஷன் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தாள். கதை எழுதுவாள். அச்சகத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சி, அகலத் தட்டில் ஊற்றி உறையவைப்பாள் அவள் தோழி சோணையம்மாள். விக்டோரியா ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் பரப்பி எடுத்தால் எழுத்து பாகில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்க வேண்டியதுதான். இருபது பிரதிக்குமேல் எழுத்து மங்கிப்போகும். விடுதிப் பெண்களுக்குள் சுற்றும் கையெழுத்துப் பத்திரிகைக்கு அதுவே போதும்.

மூன்றாவது இதழில் ஒரு கதை வந்தது. காய்ச்சலோடு கிணற்றில் நீர் இறைக்க அனுப்பப்பட்ட மாணவி மயங்கி விழுகிறாள். எழுதியவர் பெயராக 'வைகை' என்ற புனைபெயர் இருந்தது. விழுந்தது சோணையம்மாள்தான் என்பதும், அனுப்பியது விடுதி மேட்ரன் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

காலை ஜெபம் முடிந்ததும் மேட்ரன் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் கையை நீட்டுங்க."

சோணையம்மாளின் பத்து விரலும் ஊதாவாக இருந்தன. தாள் அழுத்தியவள் அவள். பக்கத்தில் நின்ற விக்டோரியாவின் விரல்கள் சுத்தமாக இருந்தன.

"மத்தியான ரயிலுக்குப் பெட்டியைக் கட்டு" என்றார் மேட்ரன்.

சோணையம்மாள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. விக்டோரியா மற்றவர்களோடு வகுப்புக்கு நடந்தாள். அவள் அப்பா ஆரோக்கியநாதன் வாடிப்பட்டியில் மிஷன் பள்ளி வாத்தியார். மகள் வாயைத் திறந்தால் அவர் வேலைக்கும் ஆபத்து. முதல் வகுப்பில் கரும்பலகையில் இருந்த எதுவும் அவள் கண்ணில் படவில்லை. மணி அடித்ததும் எழுந்து நேரே மேட்ரன் அறைக்குப் போனாள்.

"கதை என்னோடதுங்கம்மா. அவ தாளை அழுத்துனா, அம்புட்டுதான்."

மேட்ரன் அந்தத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "அது பொய்னு எழுதி எல்லாருக்கும் கொடு. ரெண்டு பேருமே இங்க இருக்கலாம்."

ஒரு வரி எழுதினால் போதும், அப்பாவுக்கும் சேதமில்லை.

"பொய்யில்லையேம்மா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

அன்று மத்தியானம் ரயிலேறியது விக்டோரியா மட்டும்தான். பெட்டியைத் தூக்கிவந்த சோணையம்மாள், "எதுக்குடி போய்ச் சொன்ன? எங்கப்பாருக்கு வயக்காடாச்சும் இருக்கு" என்று அழுதாள்.

ஆரோக்கியநாதனை மிஷனில் கூப்பிட்டு விசாரித்தார்கள், வேலை தப்பியது. அவர் மட்டும் தவக்காலம் முடியும்வரை மகளோடு பேசவில்லை. ஈஸ்டர் அன்று சாப்பிட உட்கார்ந்தவர், "அந்தக் கதை இருந்தா கொண்டா, படிக்கிறேன்" என்றார். படித்துவிட்டு, "கிணத்தடியை இன்னும் நல்லா எழுதியிருக்கலாம்" என்றார்.

விக்டோரியா அடுத்த ஆண்டு வேறு ஊரில் பயிற்சியை முடித்து, சோழவந்தானில் ஆசிரியை ஆனாள். அவள் வகுப்புப் பிள்ளைகளும் பத்திரிகை நடத்தினார்கள். ஒவ்வொரு கதைக்கு மேலும் எழுதிய பிள்ளையின் சொந்தப் பெயரே இருந்தது.