ஸ்க்ரமில் மரத்துப்போன கை

1. கண்ணில் வீக்கம்

இலங்கை மலையகத்து ஹட்டன் ஸ்டேசனில் நான் இறங்கியபோது இடது கண்ணைச் சுற்றி ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. போன லீவுக்குப் பின் மூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்கிற அம்மா, அணைக்க நீட்டிய கையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“யாருடி அடிச்சா? எங்களுக்குத் தெரியாம அங்க கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கிட்டியா?”

“வெளையாட்டுல பட்டதும்மா.”

“முப்பது வயசுல என்னா வெளையாட்டு?”

எங்கள் தோட்டத்துக்குப் போகும் அக்கரப்பத்தனை பஸ் வரும்வரை விளக்கினேன். பள்ளிக்கூடம் முடிந்து இரண்டு வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தவள் நான். தோட்டத்தில் பலருக்குக் கிடைக்காத பிரஜாவுரிமைக் கடதாசியை அப்பா பத்திரமாக வைத்திருந்ததால் பாஸ்போர்ட் கிடைத்தது. எழுபதுகளில் நர்ஸ் பயிற்சிக்கு இங்கிலாந்து போனேன். அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ்மார் ஒரு ரக்பி டீம் தொடங்கி, ஆள் போதாமல் என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

ரக்பியில் இரண்டு அணியும் எட்டெட்டுப் பேராகத் தோளைப் பூட்டி, தலையைத் தாழ்த்தித் தள்ளிக்கொள்வதற்கு ஸ்க்ரம் என்று பெயர். ஐந்தடி உயரமுள்ள நான் அதில் அசையாமல் நின்றதைப் பார்த்து, “உனக்கு இந்தக் கழுத்து எங்கே கிடைத்தது?” என்று கேட்டார் கோச். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்ததைச் சொன்னேன். அன்றே என்னை ஹூக்கர் ஆக்கினார். முன்வரிசையின் நடுவில் நின்று, பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்கிற ஆள் அது. சில வருடங்களில் அந்த நாட்டுப் பெண்கள் அணிக்கே தெரிவானேன். முதல் ஆட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்கு முன் கிடைத்த லீவில்தான் ஊருக்கு வந்திருந்தேன்.

2. பெரட்டுக்களம்

லீவில் பயிற்சியை விட முடியாது. காலையில் தோட்டத்து ரோட்டில் ஓடினேன். கங்காணி ஒருவர் அம்மாவிடம், “ஒங்க மகளுக்குப் புத்தி சரியில்லையா?” என்று நேராகவே கேட்டார். துரைமார் கிளப்பில் நல்ல ரக்பி மைதானம் இருந்தது. அனுமதி கேட்கப் போனேன். “லேடீஸ் பவிலியன்ல இருந்து பார்க்கலாம்” என்றார் தோட்டத்துத் துரை. மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றிரவு என்னோடு கொழுந்தெடுத்த செல்லம்மா, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தாள். என் வயதுதான் அவளுக்கும்.

“தள்ளுறதுக்கு ஆளுதானே வேணும்? ஞாயித்துக்கெழம நாங்க வாறோம். பெரட்டுக்களத்துல யாரும் இருக்க மாட்டாங்க.”

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் காலையில் பேர் கொடுக்கிற அந்தக் களத்தில், ஞாயிறன்று பதினொரு பெண்கள் வந்து நின்றார்கள். சேலையை வரிந்து கட்டியிருந்தார்கள். தலையை எங்கே வைப்பது, கையை எப்படிப் பூட்டுவது என்று காட்டினேன். ஆறாறு பேராகப் பிரிந்தோம். முதல் தள்ளில் எல்லோரும் சிரித்துக்கொண்டே விழுந்தோம். ஐந்தாவது தள்ளில் எதிரே நின்ற ஆறு பேர் என்னை இரண்டடி பின்னுக்கு நகர்த்திவிட்டார்கள். என் டீமில்கூட அப்படித் தள்ள யாருமில்லை.

ஏழாவது தள்ளில் கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போலிருந்தது. அது புதிதல்ல. இரண்டு மாதமாகவே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது தம்ளர் என் கையிலிருந்து நழுவியது. செல்லம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“எத்தன நாளா மரத்துப் போகுது?”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருந்தது. “எனக்கு ரெண்டு வருசம். கண்டாக்கையாகிட்ட சொன்னா பேரு வெட்டிருவாரு, கூலி போயிரும். அதனால சொல்லல. நீ நர்ஸு, ஒனக்கென்ன?”

“எனக்கும் பேரு வெட்டிருவாங்க செல்லம்மா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

3. பெயர்ப்பட்டியல்

கழுத்து நரம்பு நசுங்கியவர்களுக்கு வார்டில் நானே பட்டை கட்டியிருக்கிறேன். ஒரு தவறான தள்ளு போதும், கை கால் இரண்டும் போய்விடும். தெரிந்தும் மறைத்திருந்தேன்; செல்லம்மாவின் வற்றிய கையைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன மறுநாள் கோச்சிடம் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று பின்னேரமே பட்டியலில் என் பெயரை அடித்து, வேறொரு பெண்ணின் பெயரை எழுதினார்கள். முதல் சர்வதேச ஆட்டத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று, கழுத்துப் பட்டையோடு பார்த்தேன். அந்தப் பெண் நன்றாகவே ஆடினாள். கைதட்டினேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒரு வருடம் ஆடவில்லை. பிறகு கழுத்து தேறி, ஐந்து முறை அந்த நாட்டு ஜெர்சியைப் போட்டேன்.

நடந்ததையெல்லாம் செல்லம்மாவுக்கு எழுதியிருந்தேன். அவள் பதில் தாமதமாக வந்தது. “நானும் கண்டாக்கையாகிட்ட போய்ச் சொன்னேன். மொத தடவ ஏசினாரு. ரெண்டாந் தடவ பேரு வெட்டுனாரு. மூணாந் தடவ நாங்க ஏழு பேரு சேந்து போனோம். என்னையக் கொழந்தைகளப் பாத்துக்கிற பிள்ளைக்காம்பராவுக்கு மாத்திட்டாங்க. இப்ப கூடை தூக்குறதில்ல, கொழந்தைகளத்தான் தூக்குறேன்.”

பின்னாளில் நான் கோச் ஆனேன். எந்தப் பெண்ணாவது வலியென்று வந்தால், அவள் குணமாகும்வரை அவளுடைய இடத்தில் தற்காலிகமாக மட்டுமே ஆள் போட்டேன். நிர்வாகத்தில் சண்டை வந்தது. ஓர் ஆட்டம் தோற்றும் போனோம். அந்த வழக்கத்தை நான் மாற்றவில்லை. வலியைத் துணிந்து சொல்லுங்கள் என்று விளையாடுகிறவர்களுக்குப் புத்தி சொல்வது சுலபம். சொன்னவளின் பெயரை வெட்டாமலிருப்பது, பட்டியல் எழுதுகிறவரின் வேலை.