கடைசி ஆளுக்குக் கடைசிக் குதிரை

எங்கள் மெஸ்ஸில் குதிரைமேல் யாரும் பணம் கட்டியதில்லை. பணம் போனால் ஆள் ஒரு ராத்திரி அழுதுவிட்டுத் தூங்கிவிடுவான். நாங்கள் அதைவிட நீடித்து நிற்கும் ஏற்பாடு ஒன்று வைத்திருந்தோம்.

ரங்கூனில், பசுந்தாங் கால்வாய்ப் பக்கத்தில், ஒரு மரவீட்டின் மாடியில் ஏழு தமிழ்க் குமாஸ்தாக்கள் குடியிருந்தோம். எல்லோரும் அரிசி மில், கப்பல் ஆபீஸ் ஆட்கள். பெண்டு பிள்ளைகள் ஊரில். மழை விட்டதும் தாமுவே என்ற பேட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தயங்கள் ஆரம்பிக்கும். சனிக்கிழமைதோறும் அதில் ஒன்று தடுப்புத் தாண்டும் ஓட்டம். பர்மா மட்டக்குதிரைகள் வழியில் நட்டிருக்கும் வேலிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓட வேண்டும். மற்ற ஓட்டத்தில் வேகமான குதிரை ஜெயிக்கும். இதில் விழாத குதிரை ஜெயிக்கும். அதனாலேயே எங்களுக்கு இது பிடித்துப்போயிற்று.

ஆளுக்கொரு குதிரை எடுப்போம். முதலாவது வந்தால் மூன்று புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. விழுந்து தொலைத்தால் ஒரு புள்ளி கழியும். சமையலறைச் சுவரில் கரியால் கணக்கு. ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுக்கக் கூடாது. புள்ளியில் முன்னால் நிற்பவர் முதலில் எடுப்பார். கடைசியில் கிடப்பவனுக்கு மிஞ்சிய குதிரை. கடைசி ஆளுக்குக் கடைசிக் குதிரை என்ற அந்த அருமையான விதி அடியேன் செய்தது. செய்த அன்று நான் முதலிடத்தில் இருந்தேன்.

பருவம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆள் குதிரையாக வேண்டும். வாயில் கடிவாளம். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தவர். சந்து நெடுக ஓடி பெஞ்சைத் தாண்டி, விறகுக் குவியலைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி வர வேண்டும். வேடிக்கை பார்க்கச் சந்தே கூடும். போன வருஷம் ஓடியவர் ஐம்பது வயது ஸ்டோர் கீப்பர். அவர் ஓட ஓட நான் மாடியிலிருந்து தகரக் குழாயில் வர்ணனை சொன்னேன். "இந்தக் குதிரைக்கு முன்னம்பல் ரெண்டு இல்லை, வாங்குகிறவர்கள் யோசித்து வாங்கவும்" என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். சந்து விழுந்து விழுந்து சிரித்தது. அவர் அந்த வாரமே லான்மடாவில் வேறு மெஸ் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ரோஷக்காரர் என்று அதற்கும் சிரித்தோம்.

இந்த வருஷம் பாதிப் பருவத்துக்குள்ளாகவே நான் கீழே சறுக்கியிருந்தேன். என் விதி அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கீழே போனவனுக்கு மோசமான குதிரை; மோசமான குதிரையால் இன்னும் கீழே. கூடவே எனக்கு ஒரு வீட்டு விவகாரமும் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் துறைமுக மேஸ்திரி ஒருவர் குடியிருந்தார். மூட்டை தூக்கும் கூலிகளைக் கட்டி மேய்ப்பவர். கையில் எப்போதும் ஒரு பிரம்பு. அவருடைய மகனுக்கு என் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. ஊரில் பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, ஜாதகம் பொருந்திவிட்டது. மேஸ்திரி வாயைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"எனக்கு நகை நட்டு வேணாம்ங்க. சம்பந்தி மதிப்பான ஆளா இருக்கணும். நாலு பேர் முன்னாடி நான் கையைக் காட்டி, இவர்தான் என் சம்பந்தின்னு சொல்லணும்" என்றார். "பருவம் முடியட்டும். அந்த ஞாயித்துக்கிழமை வந்து ஒரு முடிவு சொல்றேன்."

அதே ஞாயிற்றுக்கிழமை. அவர் முடிவு சொல்ல வாசலில் இறங்கும் நேரத்தில், மதிப்பான சம்பந்தி வாயில் தோல்வாரோடு சாக்கடை தாண்டிக்கொண்டிருப்பார்.

இதை மெஸ்ஸில் சொல்லி, எனக்கு மட்டும் ஓட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்த்தேன். சொன்னதுதான் தப்பு. அன்று முதல் சமையல்காரன் என் இலையில் வேகவைத்த கொள்ளு பரிமாறினான்.

"எனக்கு எதுக்குய்யா கொள்ளு?"

"சயாவுக்குத் தொடை பலம் வேணும்னு எல்லாரும் சொன்னாங்க" என்றான். சயா என்பது படித்தவர்களைப் பர்மாக்காரர்கள் கூப்பிடும் மரியாதைச் சொல். மரியாதையோடுதான் கொள்ளு போட்டான்.

புள்ளியில் முதலிடத்திலிருந்த டைப்பிஸ்ட் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "வாயத் தொறங்கண்ணே. அடேயப்பா, போன வருஷக் கடிவாளம் பத்தாதுப்பா. பெரிசா வாங்கணும்."

நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். கோமாளிக்கு வேறு வழி கிடையாது. சிரித்துவிட்டு ஜன்னலுக்குப் போய்ச் சாக்கடையின் அகலத்தைக் கண்ணால் அளப்பேன். நாற்பத்தைந்து வயதுத் தொப்பைக்கு அது எவ்வளவு அகலம் என்பது அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

மிஞ்சுகிற இரண்டு மூன்று குதிரைகளில் ஒன்றை எடுக்க நான் கையாளாத வித்தை இல்லை. லாயத்துப் பர்மாக்காரனுக்குச் சுருட்டு வாங்கிக் கொடுத்தேன். அவன் சொன்ன குதிரை முதல் வேலியைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி ஓடிற்று. கனவில் வந்த நிறத்தை எடுத்தேன். அது ஜாக்கியை வேலிக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் தான் மட்டும் தாண்டிப் போயிற்று. கடைசியில் பஞ்சாங்கத்தைப் பிடித்தேன். ராகு காலம் தவிர்த்து எடுத்தால் குதிரை விழாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

கடைசிப் பந்தயம் வந்தபோது அடிமட்டத்தில் இரண்டு பேர் சமமாக நின்றோம். நானும், பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன் ஒருவனும். பையன் என்றால் இருபத்தாறு வயது கணக்கப்பிள்ளை. கொக்குக்கால், மெல்லிய குரல். எந்தக் குதிரை பாவமாக இருக்கிறதோ அதை எடுப்பான். அதனால்தான் என் அந்தஸ்துக்கு இறங்கியிருந்தான்.

அன்று ஆபீஸ் விடுமுறை. சாவகாசமாக எழுந்து, காபி குடித்து, சுவர்முன் கூடும்போது மணி ஒன்பதரை. ஐந்து பேர் எடுத்து முடித்தார்கள். மிஞ்சியது இரண்டு: துள்ளும் செவலை ஒன்று, கிழட்டு வெள்ளை ஒன்று. செவலையை யாரும் எடுக்காததற்குக் காரணம் அது போன வாரம்தான் ரங்கூனுக்கே வந்தது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. வெள்ளையை யாரும் எடுக்காததற்குக் காரணம் அது ஓடி எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"சமமா நிக்கிறாங்களே, யார் முதல்ல?" என்றார் டைப்பிஸ்ட்.

"அண்ணன் எடுக்கட்டும். அவருக்குப் பொண்ணு விஷயம் இருக்குல்ல" என்றான் பையன்.

வெட்கப்பட நேரமில்லை. செவலையைப் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் டைப்பிஸ்ட் என் கையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"சனிக்கிழமை ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலமாச்சே?"

"அது தஞ்சாவூர் மணி. ரங்கூன் மணி ஒரு மணி நேரம் முந்தி ஓடுது. அங்க ஒம்பதுன்னா இங்க பத்து. ராகுவுக்கு இன்னும் அரைமணி இருக்கு" என்றேன் பெருமையாக. பஞ்சாங்கத்தைப் பிடித்த நாள் முதல் அப்படித்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"ராகு என்ன கப்பல்லயா வர்றாரு? சூரியன் உதிச்சதுலேர்ந்து எண்ணுறதுண்ணே. இங்கேயும் சூரியன் ஆறு மணி சுமாருக்குத்தான உதிக்குது? அப்ப இங்கேயும் ஒம்பதுக்கே ராகு உக்காந்தாச்சு."

அத்தனை வாரமும் நான் ராகுவைத் தவிர்க்கவில்லை. தேடிப் போய் மடியில் உட்கார்ந்திருக்கிறேன். பையனைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"தம்பி, மாத்திக்குவமா? நீ செவலைய எடுத்துக்க. நல்ல குதிரைப்பா."

"ராகு காலத்துல எடுத்ததுன்னு பயப்படுறீங்களாண்ணே?"

"சேச்சே. உனக்காகத்தான்."

அவன் சிரித்தான். "எங்களுக்கு ராகு கிடையாதுண்ணே. எடுத்துக்கறேன்."

உடனே மாற்றிக்கொள்ளவில்லை. கடிகாரத்தின் முன் உட்கார்ந்து பத்தரை அடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சுவரில் அழித்து எழுதினேன். என் ராகுவை ஒரு கிறிஸ்தவன் தலையில் ஏற்றிவிட்ட திருப்தி எனக்கு.

மத்தியானம் மைதானத்தில் கடைசி வேலிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நின்றோம். கொடி இறங்கியது. என் வெள்ளை முதல் வேலிவரை கௌரவமாகப் போய், நின்று, வேலியை முகர்ந்து பார்த்தது. ஜாக்கி அடித்தான். அது புல் மேய ஆரம்பித்தது. செவலை காற்றாய்ப் பறந்தது. ஒவ்வொரு வேலியும் அதற்கு வாசற்படி. மற்றவை வெகு பின்னால். பையன் கம்பியில் ஏறிக் கத்தினான். என் கண்ணுக்கு மைதானம் தெரியவில்லை. சாக்கடையும் பெஞ்சும் மேஸ்திரியின் மீசையும் தெரிந்தன. விழு, விழு, விழு என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது; பக்கத்திலிருந்த பர்மாக்கார அம்மா தள்ளி நின்றாள்.

கடைசி வேலியில் செவலையின் முன்னங்கால் மாட்டியது. தலைகுப்புற விழுந்து எழப் பார்த்தது. ஒரு கால் எழவில்லை. வேறு பக்கம் மடங்கித் தொங்கியது.

விழுந்த குதிரைக்கு ஒரு புள்ளி கழியும். நின்று மேய்ந்த குதிரைக்குக் கழிவு கிடையாது.

நான் குதித்தேன். நாற்பத்தைந்து வயதில் அவ்வளவு உயரம் எழும்ப முடியும் என்று தெரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கே பயந்திருக்க மாட்டேன். "விழுந்துருச்சு! விழுந்துருச்சுடா!" என்று ஆடினேன். நாலு ஆட்கள் ஓடிவந்து குதிரையைச் சுற்றிப் படுதா பிடித்தார்கள். படுதாவுக்குப் பின்னால் அதைச் சுட்ட துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது நான் இன்னும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன். பையன் கம்பியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான். தோற்றதற்கு அழுகிறான் என்று அப்போது நினைத்தேன்.

திரும்பினால், பத்தடி தள்ளி மேஸ்திரி. கையில் பிரம்பு. குதிரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு இலையில் வெறும் சோறுதான் விழுந்தது. கொள்ளு நின்றுபோயிருந்தது, கேட்டால் சமையல்காரன் போட்டிருப்பான். சாக்கடை தாண்டாமலே சம்பந்தம் போய்விட்டதே, ஓடியிருந்தாலாவது விளையாட்டு என்று சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று புரண்டேன்.

ஞாயிறு காலை சந்து நிறைந்தது. தகரக் குழாய் என் கையில். வாயில் கடிவாளத்தோடு பையன் வந்து நின்றான். என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினான். "பாளையங்கோட்டைக் கொக்கு! காலைக் கணக்குப் பண்ணி வாங்கவும், எலும்புக்குத் தனி விலை!" என்று ஆரம்பித்தேன். பெஞ்சைத் தாண்டினான். விறகைத் தாண்டினான். சாக்கடையில் டைப்பிஸ்ட் கயிற்றை வேண்டுமென்றே சுண்டினார். பையன் உள்ளே விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கல் கிழித்து ரத்தம் வந்தது. நான் இறங்கி ஓடுவதற்குள் எதிர்வீட்டிலிருந்து மேஸ்திரி இறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மகன்.

மேஸ்திரி பையனின் விலாவில் பிரம்பால் குத்தினார். "எந்திரிப்பா. எங்க துறைமுகத்துல விழுந்தவனுக்குத் துப்பாக்கி கிடையாது. இதுதான்." சந்து சிரித்தது. அவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே என் தோளில் கைபோட்டார்.

"நேத்து மைதானத்துல உங்களப் பாத்தேன்."

"அது வந்து... ஒரு புள்ளிக் கணக்கு..."

"அந்தக் குதிரைக்கு ஊரே உச்சுக் கொட்டுது. நீங்க ஒருத்தர்தான் குதிச்சீங்க. எனக்குப் பிடிச்சுப்போச்சு. இளகின வீட்டுப் பொண்ணு எங்க வீட்ல தாங்காதுங்க. உங்க பொண்ணு தாங்கும். தை மாசம் வச்சுக்கலாம்."

கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "இவர்தான் என் சம்பந்தி."

என் மகள் கோழி அறுக்கிற அன்று கொல்லைப்பக்கமே வரமாட்டாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் தானாகவே சிரித்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாப்பிள்ளை குனிந்து பையனின் வாயிலிருந்து கடிவாளத்தை உருவினான். வலித்ததோ என்னவோ, பையன் முகத்தைச் சுளித்தான். மாப்பிள்ளை அதை உதறிச் சுத்தம் செய்து, தோல்வாரை இழுத்துப் பார்த்தான்.

"மாமா, அடுத்த சீசனுக்கு என்னையும் சேத்துக்குங்க" என்றான். என்னை அவன் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சேத்துக்கிட்டாப் போச்சு, மாப்பிள்ளை."

சாக்கடை ஓரத்தில் துண்டால் காலைக் கட்டிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்கினான். "அண்ணே, பொண்ணு விஷயம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது தம்பி" என்றேன்.