சாப்பிட்டவர் பெயர் இருக்கிறதா?

நிபோங் திபாலுக்கு வேலையாகப் போயிருந்த எங்கள் நிறுவனத்து நாசர் அண்ணன் அழைத்தபோது, சூலியா தெரு அலுவலகத்தில் நான் அப்போதுதான் கணினியைத் திறந்திருந்தேன்.

"சரோ, டேட்டாபேஸ் எழும்ப மாட்டேங்குது. காலையில வந்த பேஷண்டெல்லாம் உட்கார்ந்திருக்காங்க."

அது ஒரு டயாலிசிஸ் நிலையம். ஒவ்வொருவர் உடம்பிலிருந்தும் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதைப் போன தடவை பார்த்த எடையை வைத்துத்தான் தாதி முடிவு செய்வார். அந்த எடைகள் எல்லாம் எங்கள் மென்பொருளுக்குள் இருந்தன. இனிமேல் காகிதமே வேண்டாம் என்று அவர்களிடம் ஆசை காட்டியதும் நாங்கள்தான்.

"ஒரு வழி கிடைச்சிருச்சு," என்றார். "ஒரே கமாண்ட். லாக் ஃபைலை ரீசெட் பண்ணிட்டா எழும்பிரும். நெட்ல அத்தனை பேரும் இதான் சரின்னு சொல்றாங்க. ஏ.ஐ.யும் அதேதான் சொல்லுது. போட்டுரவா?"

அவசரமாகத் தடுத்தேன். "அண்ணே, எண்டரைத் தட்டிராதீங்க. நம்ம இணைப்புப் பக்கத்துல அது இருக்கா பாருங்க. யாரு சாப்பிட்டது?"

விதி பிறந்த கதை

நிரல் எழுதுகிறவர்களுக்கு உதவும் இணையப் பக்கங்களைத் தேடித் தொகுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆரம்பத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எங்கள் அலுவலக இணையப் பக்கம் ஒன்றில் சேர்த்தோம். பக்கம் குப்பைத்தொட்டியானது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எந்தக் கடை நல்ல கடை என்று எங்களுக்குள் சண்டை. கூட வேலை செய்த லீலா, குழம்புக் கையை நீட்டிக் கேட்டாள்: "நீ சாப்பிட்டியா, இல்ல கேள்விப்பட்டியா?"

மறுநாளே விதி போட்டேன். ஓர் இணைப்பைச் சேர்க்க வேண்டுமானால் 'சாப்பிட்டவர்' என்ற கட்டத்தில் செய்து பார்த்தவர் பெயர் வேண்டும். என்ன ஆயிற்று என்று ஒரு வரியும் வேண்டும். சொதப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பெயரில்லாததை வெள்ளிக்கிழமை இரக்கமில்லாமல் அழித்துவிடுவேன்.

இதை அதிகம் கேலி செய்தவர் நாசர் அண்ணன். என்னைவிட மூத்தவர், வேகத்தில் நான் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியதில்லை. "தேடுனா ஒரு நிமிஷத்துல வருது. இதுக்கு ஒரு மியூசியம் எதுக்குலா?" என்பார். முதலாளிக்கும் அதே எண்ணம். மாதக் கடைசியில் மூடிவிடச் சொல்லியிருந்தார்.

தட்டாத எண்டர்

போனில் அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"இருக்கு," என்றார், குரல் இறங்கி. "லீலா எழுதியிருக்கு. 'போட்டேன். எழும்பியது. கடைசியாக ஏற்றிய பதிவுகள் போய்விட்டன. முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள்.'"

"பாருங்கண்ணே."

"யா அல்லா! பொட்டு இடங்கூட இல்ல சரோ. ஸ்கேன் பண்ண பழைய ஃபைலெல்லாம் அடைச்சிக்கிட்டுக் கிடக்கு, அதான் எழும்பல."

அவற்றை வெளி டிரைவுக்கு மாற்றினார். ரீசெட் எதுவும் செய்யாமல் டேட்டாபேஸை மறுபடி தொடக்கினார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நகத்தைக் கடித்தேன். பின்னாலிருந்து தாதியின் குரல் கேட்டது: "ஆ, வந்திருச்சு! எல்லா வெயிட்டும் இருக்கு. மாரிமுத்து அங்கிள், வாங்க, உங்கள ஆரம்பிச்சிரலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் லேசானது போல் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், இணையத்தில் கிடைத்த அந்தப் பதில் பொய்யில்லை. போட்டிருந்தால் டேட்டாபேஸ் எழும்பியிருக்கும். எழும்பிய பிறகு என்ன தொலைந்தது என்பதைத்தான் யாரும் திரும்பி வந்து எழுதவில்லை. லீலா எழுதினாள். தொகுக்கிறவர்கள் தேடிச் சேர்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

முதலாளி விஷயம் கேட்டுவிட்டு, "சரி, பக்கம் இருக்கட்டும்மா," என்று மட்டும் சொன்னார். மாலையில் அதைத் திறந்தேன். லீலாவின் வரிக்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது:

"நான் சாப்பிடவில்லை. தப்பித்தேன். நாசர், நிபோங் திபால்."

என் விதிப்படி, செய்து பார்க்காதவர் எழுதக் கூடாது. வெள்ளிக்கிழமை வந்தது. விதிக்கு ஒத்துவராத மற்றதையெல்லாம் அழித்தேன், அதை மட்டும் விட்டுவிட்டேன்.